வாயனசாலைல பல மாதிரி ஆளுங்க சேந்து வேலை பாக்கறப்போ: கிளாஸுக்கு முன்னாடி டியூட்டி சார்ட்டைப் பாருங்க

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பாலக்காட்டு எல்லைல கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாயனசாலைக்கு (கேரளத்துல ஊர் ஜனங்க நடத்தற லைப்ரரி) புதுசா செக்ரட்டரியா வந்திருக்கீங்க. அலவன்ஸ், தினக்கூலி, வாலண்டியர்னு எல்லாம் சேத்து ஏழு பேரு. லைப்ரேரியன் சேச்சிக்கு மலையாளம்தான், தமிழ் பேசினா புரியும் ஆனா எழுதப் படிக்க வராது. உதவிக்கு இருக்கற ரெண்டு பொண்ணுங்களும் தமிழ் மீடியத்துல படிச்சவங்க. புதுசா சேந்த பையனுக்குக் கண் பார்வை ரொம்பக் கம்மி. அப்புறம் வீடு வீடா புஸ்தகம் கொண்டு போற அக்கா, கூட்டிப் பெருக்கற அம்மா, கம்ப்யூட்டர் பாக்கற தம்பி. தமிழ்க்காரங்க ஒரு பக்கம், மலையாளத்துக்காரங்க ஒரு பக்கம்னு உக்காந்து சாப்பிடறாங்க, பெருக்கற அம்மாவுக்குத் தனி டம்ளர் வெச்சிருக்கறதை ஒரு வாசகர் பாத்துட்டு கமிட்டிக்கு லெட்டர் எழுதிட்டாரு. கமிட்டில "ஒரு நாள் கிளாஸ் வெச்சிரலாம், நல்ல பேச்சாளரா பாருங்க"ன்னு முடிவாயிருச்சு. யாரைக் கூப்பிடறது, என்ன தலைப்பு குடுக்கறதுன்னு கேக்கறீங்க. ஆனா கடைசில "கிளாஸ் வெச்சா மாறுமா"ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, நீங்க உண்மையா கேக்க வந்தது அதுதான்னு எனக்குத் தோணுது. அதனால பேச்சாளர் பேரு எதுவும் நான் சொல்லப் போறதில்ல, அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில்.

நான் நூலக அறிவியல் படிச்சுட்டு பொள்ளாச்சிப் பக்கம் கிளை நூலகங்கள்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். இப்போ பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கால நாலஞ்சு வாயனசாலைக்குப் போக வர இருக்கேன், ஸ்டாக் எடுக்கறது, ரேக் ஒழுங்கு பண்றது, கமிட்டிக்கு யோசனை சொல்றதுன்னு. அதனால எல்லைக்கு ரெண்டு பக்கமும் லைப்ரரி எப்படி நடக்குதுன்னு கண்ணால பாத்திருக்கேன். நான் வக்கீல் இல்லைங்க. கீழ சட்டம் பத்தி சொல்றதுல எது நிச்சயம், எது வக்கீலைப் பாத்து கேக்க வேண்டியதுன்னு பிரிச்சே சொல்றேன்.

முதல்ல ரெண்டு பக்கத்துக்கும் இருக்கற பெரிய வித்தியாசம், இதைப் புரிஞ்சுக்காம அடுத்ததுக்குப் போக முடியாது. தமிழ்நாட்டுல பொது நூலகங்கள் 1948ம் வருசச் சட்டத்துல நடக்குது, சுதந்திர இந்தியால வந்த முதல் நூலகச் சட்டம் அது. அங்க நூலகர்ங்கறது அரசு வேலை, 69% இட ஒதுக்கீடு, ரோஸ்டர் (எந்த போஸ்ட் எந்தப் பிரிவுக்குங்கற வரிசை) எல்லாம் உண்டு, யாரு வர்றாங்கங்கறதை உள்ளூர்ல யாரும் முடிவு பண்ண முடியாது. கேரளத்துல கதை வேற. பி.என். பணிக்கர் 1945ல கிரந்தசாலை சங்கம் (நூலகங்களோட சங்கம்) ஆரம்பிச்ச காலத்துல இருந்தே ஊர் ஜனங்க நடத்தற வாயனசாலைதான் அடிப்படை, 1989 சட்டமும் அதை அப்படியே வெச்சு மேல லைப்ரரி கவுன்சிலைக் கொண்டு வந்துச்சு. ஊர்க் கமிட்டிதான் ஆளைப் போடுது. இதுல ஒரு பெரிய நல்லது இருக்கு, லைப்ரரி ஊரோட சொத்தா இருக்கும். ஆனா கமிட்டிக்குத் தெரிஞ்ச ஆளு, கமிட்டி மெம்பரோட சொந்தக்காரப் பொண்ணு, கட்சிக்காரர் சொன்ன பையன்னுதான் ஆள் வருவாங்க. கமிட்டி எந்தத் தெருவுல இருந்து வந்திருக்கோ ஸ்டாஃபும் அந்தத் தெருவுல இருந்துதான் வரும். இதுல யாரையும் கெட்டவங்கன்னு சொல்லலைங்க, அந்த முறை அப்படித்தான் வேலை செய்யும். அதனாலதான் இங்க செக்ரட்டரிக்குப் பொறுப்பு ஜாஸ்தி, மேல இருந்து ஒரு ரோஸ்டர் வந்து சரி பண்ணாது.

இப்போ கிளாஸ் விஷயம். அமெரிக்கால ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ்னு ரெண்டு சமூகவியல்காரங்க (இன்னொருத்தரும் கூட இருந்தாங்க) 700க்கு மேல கம்பெனிகளோட முப்பது வருச விவரத்தை எடுத்து 2006ல ஒரு ஆய்வு போட்டாங்க. பயிற்சி வகுப்பு வெச்ச இடங்கள்ல பெண்களும் கறுப்பினத்தவரும் மேல் பதவிக்கு வர்றதுல பெருசா மாற்றம் இல்ல. ஒரு குறிப்பிட்ட ஆளு மேலயோ ஒரு சின்னக் குழு மேலயோ பொறுப்பைப் போட்டு "இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்"னு வெச்ச இடங்கள்லதான் நல்லா மாறியிருந்துச்சு. அதுக்கப்புறமும் அவங்க எழுதினதுல கட்டாயமா உக்கார வெக்கற வகுப்பு சில சமயம் எரிச்சலைத்தான் கிளப்புதுன்னு வருது. அது தனியார் கம்பெனிங்க, பெரிய ஊருங்க, ஏழு பேர் இருக்கற வாயனசாலைக்கு அப்படியே பொருந்தும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா என் அனுபவமும் அதேதான் சொல்லுது. பேச்சாளர் வருவாரு, அருமையா பேசுவாரு, எல்லாரும் கை தட்டுவாங்க, சாயங்காலம் அதே பெருக்கற அம்மாதான் எல்லாரும் குடிச்ச டம்ளரையும் கழுவுவாங்க. கிளாஸ் வேண்டாம்னு இல்ல, அதை மூணு மாசம் தள்ளி வைங்க, அதுக்குள்ள கீழ சொல்றதைப் பண்ணுங்க.

ஆரம்பிக்க வேண்டிய இடம் டியூட்டி சார்ட். போன மூணு மாச சார்ட்டை எடுத்து மேசைல விரிங்க. சார்ட் இல்லைன்னா, பெரும்பாலான இடத்துல இருக்காது, ஒரு வாரம் நீங்களே உக்காந்து யாரு என்ன பண்றாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. கவுண்டர்ல யாரு உக்காறாங்க, திரும்பி வந்த புஸ்தகத்தை ரேக்ல அடுக்கறது யாரு, மேல் தட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறறது யாரு, பேப்பர் கட்டு தூக்கறது யாரு, சாவி யாருகிட்ட இருக்கு, தாலூக்கா கவுன்சில் மீட்டிங்குக்கும் பயிற்சிக்கும் போறது யாரு, ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறது யாரு, புது புஸ்தக லிஸ்ட் போடறப்போ யார்கிட்ட கேக்கறாங்க, டீ வாங்கப் போறது யாரு. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. நான் பாத்த வரைக்கும் ஒரு லைப்ரரில யாரு உசத்தி யாரு தாழ்த்திங்கறது இந்த நோட்டுல அப்பட்டமா தெரிஞ்சிரும். உங்க இடத்துல நான் ஊகிக்கறது: கவுண்டரும் சாவியும் கையெழுத்தும் சேச்சிகிட்ட, தூக்கறது அடுக்கறது தமிழ்ப் பொண்ணுங்க கிட்ட, பையனை ஃபோன் எடுக்க ஒரு மூலைல உக்கார வெச்சிருப்பாங்க. தப்பா இருந்தா சந்தோஷம்.

இதை மாத்தறது பேச்சை விட சுலபம், ஆனா பிடிவாதம் வேணும். சேச்சியோட பொறுப்பைப் பிடுங்கற மாதிரி பண்ணிராதீங்க, அவங்களைக் கூட உக்கார வெச்சுத்தான் பண்ணணும், இத்தனை வருசம் குறைஞ்ச அலவன்ஸுக்கு அந்த லைப்ரரியைத் தாங்கினவங்க அவங்கதான். வாரத்துல ரெண்டு நாளாவது கவுண்டர் மத்தவங்களுக்கு மாறி மாறி வரட்டும். ரெண்டாவது சாவி ஒண்ணு போட்டு மத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட குடுங்க. சாவி கைல இருந்தா காலைல வந்து திறக்கற பொறுப்பு வரும், அதோட ஊர்ல ஒரு மரியாதையும் வரும். பயிற்சிக்கு ஆள் அனுப்பறப்போ ஒரே ஆளை அனுப்பாதீங்க, இந்தத் தடவை போனவங்க அடுத்த தடவை போகக் கூடாதுன்னு கமிட்டி மினிட்ஸ்ல எழுதிடுங்க.

இப்போ மொழி. இதுல நான் கொஞ்சம் நிறையவே சொல்லுவேன், ஏன்னா எல்லையோர லைப்ரரில பாதி சண்டை இங்க இருந்துதான் வருது. உங்க கமிட்டி மினிட்ஸ் எந்த மொழில எழுதறீங்க? வாட்ஸ்ஆப் குரூப்ல எதுல மெசேஜ் போடறீங்க? லைப்ரரி கவுன்சில்ல இருந்து வர்ற சர்க்குலர் மலையாளத்துல வரும், அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணிட்டா அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் பாதிதான் புரியும். தெரியலைன்னு கேட்டா மட்டமா நினைப்பாங்கன்னு தலையை ஆட்டிருவாங்க, அப்புறம் "சொன்னேனே, ஏன் பண்ணலை"ன்னு பேச்சு வரும். மலையாளத்துல பேசினா தமிழ்க்காரங்களுக்குப் புரியும்னு இங்க எல்லாரும் நினைச்சுக்கறாங்க, சந்தைல பேசற மலையாளம் புரியறது வேற, ஆபீஸ் மலையாளம் வாசிச்சுப் புரிஞ்சுக்கறது வேற. அதனால ஒவ்வொரு சர்க்குலருக்கும் கீழ ரெண்டு வரி தமிழ்ல போடுங்க, குரல் மெசேஜா போட்டாக் கூடப் போதும். மாச மீட்டிங்ல அவங்கவங்க மொழில பேசட்டும், மினிட்ஸ் மலையாளத்துல இருந்தா கடைசில ஒருத்தர் தமிழ்ல வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து.

சட்டப்படி இது ஒண்ணும் சலுகை கேக்கறதில்லைங்க. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ம் வருசத்துது, அதுல தமிழும் கன்னடமும் பேசற சிறுபான்மையினர் அரசாங்கத்துக்கு அவங்க மொழில எழுதலாம், பதிலும் அந்த மொழில வரணும்னு இருக்கு. அரசு வேலைக்கு ஆள் எடுக்கற கேரள பி.எஸ்.சி. கூடச் சில பரீட்சைக்குத் தமிழ்லயும் கேள்வித்தாள் குடுக்குது, தமிழும் மலையாளமும் தெரிஞ்ச கிளார்க்னு தனியா போஸ்ட் போடுது. அரசாங்கமே ஒத்துக்கிட்ட விஷயத்தை ஒரு வாயனசாலை ஒத்துக்கறதுல கஷ்டம் இல்ல. லீவு விஷயமும் இதோட சேத்திதான். ஓணத்துக்கு எல்லாருக்கும் லீவு, தைப்பொங்கலுக்குத் தமிழ்நாட்டை ஒட்டின மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடறாங்க, பாலக்காடும் அதுல சேத்தி. அன்னிக்குத் திறந்தே ஆகணும்னா தமிழ்ப் பொண்ணுங்களை விட்டுட்டு மத்தவங்க டியூட்டி பாக்கட்டும், விஷுவுக்கு அவங்க பாத்துக்கட்டும். ரம்ஜான் மாசத்துல நோன்பு இருக்கறவங்களுக்கு சாயங்கால ஷிஃப்ட் போடாதீங்க. சின்ன விஷயம்தான், ஆனா யாரும் கேக்காம நீங்களே முன்னாடி சார்ட்ல போட்டுட்டீங்கன்னா அதுக்கு இருக்கற மதிப்பே தனி.

இதுல ஒரு குழி இருக்கு, நல்ல மனசு உள்ள கமிட்டிங்கதான் அதுல விழறது. தமிழ் தெரிஞ்ச ஆள் வந்த உடனே "தமிழ் வாசகருங்க எல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட போங்க"ன்னு ஒதுக்கிருவாங்க. ஒரு லைப்ரரில நான் பாத்தது: தோட்டத்து வேலை முடிச்சு ஒரு பாட்டி பேத்தியோட வந்து மெம்பர்ஷிப் ஃபாரம் கேட்டாங்க. கவுண்டர்ல இருந்தவரு "தமிழ் பாக்கற பொண்ணு இன்னிக்கு லீவு, திங்கக்கிழமை வாங்க"ன்னுட்டாரு. ஃபாரம்ல பேரு, வீட்டு நம்பர், வார்டு, கையெழுத்து, அவ்வளவுதான் இருந்துச்சு. அந்தப் பாட்டி திங்கக்கிழமை வந்தாங்களான்னு யோசிங்க, ஒரு நாள் கூலியை விட்டுட்டா வர முடியும்? இந்த மாதிரி ஒதுக்கறதுல ரெண்டு பேருக்கு நஷ்டம். வாசகருக்கு சர்வீஸ் ஒருத்தரை நம்பி நிக்குது. அந்தப் பொண்ணுக்கோ தமிழ் ரேக்கைத் தாண்டி எந்த வேலையும் கத்துக்க வழியில்ல, நாளைக்கு லைப்ரேரியன் போஸ்ட் காலியானா "அவளுக்குத் தமிழ் செக்‌ஷன் மட்டும்தான் தெரியும்"னு இவங்களே சொல்லுவாங்க. அதனால தமிழ்ப் பொண்ணுங்க மலையாள ஸ்டாக்கையும் பாக்கணும், சேச்சி நாலு வரி தமிழ் வாசிக்கக் கத்துக்கணும், குறைஞ்சது புஸ்தகப் பேரு வாசிக்கற அளவுக்கு. டூயி வகைப்பாட்டுல (புஸ்தகத்துக்குப் பொருள்வாரியா நம்பர் போடற முறை) தமிழ் இலக்கியம் 894.811, மலையாள இலக்கியம் 894.812, ரேக்ல பக்கத்துப் பக்கத்துலதான் வரணும். ஆனா நிறைய இடத்துல தமிழ்ப் புஸ்தகத்துக்கு நம்பரே போடாம பின்னாடி ஒரு பீரோல குவிச்சு "தமிழ்"னு ஒரு அட்டை மாட்டியிருப்பாங்க. உங்க இடத்துலயும் அப்படின்னா அந்த ரெண்டு பொண்ணுங்களும் சேச்சியும் சேந்து உக்காந்து அந்த பீரோவைப் பிரிச்சு நம்பர் போடட்டும். சேந்து பண்ற வேலைல வர்ற பழக்கம் சேந்து கேக்கற பேச்சுல வராது, இது என் சொந்த அபிப்பிராயம், ஆனா அழுத்தமாச் சொல்றேன்.

பார்வை கம்மியான அந்தத் தம்பி விஷயத்துக்கு வர்றேன். முதல் வேலை, அவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், எந்த வெளிச்சத்துல தெரியும், எதுல சிரமம்னு கேளுங்க. கமிட்டில உக்காந்து "பாவம், இவருக்கு இதெல்லாம் முடியாது"ன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. குறை பார்வைங்கறது ஆளுக்கு ஆள் வேற, ஒருத்தருக்கு நடுவுல தெரியாது, ஒருத்தருக்கு ஓரத்துல தெரியாது, ஒருத்தருக்குக் கண்ணு கூசும். ஜன்னலுக்கு எதிர்ல கம்ப்யூட்டர் வெச்சிருந்தா அதைத் திருப்பி வெச்சாலே பாதி பிரச்சனை தீர்ந்திருக்கும். என்.வி.டி.ஏ.ன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் (திரைல இருக்கறதைக் குரல்ல வாசிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) இருக்கு, காசு கிடையாது, தமிழும் மலையாளமும் ரெண்டுமே வாசிக்கும். இதுல ஒரு நுணுக்கம், கம்ப்யூட்டர் தம்பிகிட்ட கட்டாயம் சொல்லுங்க: உங்க ஸ்டாக் லிஸ்ட் பழைய எம்.எல். மலையாள எழுத்துருவுலயோ பாமினி மாதிரி பழைய தமிழ் எழுத்துருவுலயோ அடிச்சிருந்தா ஸ்கிரீன் ரீடர் அதைக் கன்னாபின்னான்னுதான் வாசிக்கும், ஏன்னா அந்த எழுத்துருக்கள்ல உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, வெளிய மட்டும்தான் நம்ம எழுத்து மாதிரி தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாத்தினாத்தான் வாசிக்கும். மாத்திட்டா வாசகர் மொபைல்ல தேடறதுக்கும் அதுவே உதவும். கோஹா மாதிரி இலவச லைப்ரரி சாஃப்ட்வேர் போடணும்னாலும் இது முதல்ல முடிஞ்சிருக்கணும்.

இன்னொண்ணு, புஸ்தகத்து முதுகுல ஒட்டற லேபிள். நம்ம லைப்ரரிங்கள்ல பேனால சின்னதா எழுதி ஒட்டுவோம், ரெண்டு மழைக்காலம் போனா நல்ல கண்ணு உள்ளவங்களுக்கே தெரியாது. அதைப் பெரிய எழுத்துல, வெள்ளைல கறுப்பா, அழுத்தமா பிரிண்ட் எடுத்து ஒட்டுங்க, கீழ் ரெண்டு தட்டுக்கும் மேல் தட்டுக்கும் முதல்ல. பார்வை கம்மியான தம்பி மொபைல் கேமராவைப் பெரிசாக்கி வெச்சுகிட்டு ரேக்கைத் தானே அடுக்குவாரு. வயசான வாசகருங்க உங்களை வாழ்த்துவாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2016ம் வருச மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, குறை பார்வையும் அதுல ஒண்ணு. அரசு நிறுவனங்கள்ல 4% இட ஒதுக்கீடு. உங்க கமிட்டில யாராவது "நாம அரசு இல்லையே"ன்னு சொல்லுவாங்க. அந்தச் சட்டத்துல அரசு நிறுவனம்னா அரசாங்கத்தோட உதவி பெறற அமைப்பும் சேரும்னு விளக்கம் இருக்கு, கிராண்ட் வாங்கற வாயனசாலை அதுல வருமாங்கறது வாதத்துக்கு இடம் உள்ள விஷயம், அதைத்தான் வக்கீல்கிட்ட கேக்கச் சொல்றேன். ஆனா நேர்மையா பாத்தா ஏழு பேர்ல 4%ங்கறது ஒரு ஆள் கூட வராது, கணக்கு உங்களை எதுக்கும் கட்டாயப்படுத்தாது. உங்களுக்கு வேண்டியது அதே சட்டத்துல இருக்கற இன்னொரு விஷயம், ஒருத்தர் வேலையைச் செய்யறதுக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செஞ்சு குடுக்கணும்ங்கறது. மேல சொன்ன ஜன்னல், லேபிள், எழுத்துரு எல்லாம் அதுதான். பெரிய செலவு எதுவும் அதுல இல்ல. வேலைல இருக்கறப்போ ஒருத்தருக்குக் குறைபாடு வந்துட்டா அரசு நிறுவனம் அவரை அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாதுன்னும் அதுல இருக்கு, சேச்சிக்கும் வயசாகுது, அது எல்லாருக்கும் நல்லதுதான்.

அடுத்து டம்ளர். இதைக் கிளாஸ்ல பேசி, ஒருமித்த கருத்துக்கு வந்து, மெதுவா மாத்தலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. நாளைக்குக் காலைல அந்த டம்ளரை எடுத்துடுங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு செட் வாங்கி வைங்க, அவங்கவங்க குடிச்சதை அவங்கவங்க கழுவணும், நீங்களும் கழுவுங்க, பிரசிடெண்ட் வந்தாலும் அவரும் கழுவட்டும். தீண்டாமை அரசியல் சட்டத்தோட 17வது ஷரத்துல ஒழிக்கப்பட்டது, ஒரு பொது நூலகத்துக்குள்ள அதைப் பத்திக் கருத்துக் கேக்கறதே தப்பு. எஸ்.சி. எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ம் இருக்குன்னு கமிட்டிக்கு ஞாபகப்படுத்தறதுல தப்பில்ல. அதே சமயம் அந்த அம்மாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு "இனிமே இப்படி நடக்காது"ன்னு சொல்லி ஃபோட்டோ எடுக்கற வேலை வேண்டாம், அது இன்னொரு அவமானம். தனியாப் பேசுங்க. அவங்களை எப்படிக் கூப்பிடறாங்கன்னு கவனிங்க, சின்னப் பையன் கூட "நீ, வா, போ"ன்னு பேசறானா, பேரைச் சொல்லிக் கூப்பிடறானா? எல்லாரையும் சேச்சி, அக்கா, மாஷ்னு கூப்பிடற இடத்துல அவங்களும் அக்காதான். மீட்டிங்ல அவங்களுக்கும் நாற்காலி, அவங்களுக்கும் பேச நேரம். கட்டடம் ஒழுகற இடம், கக்கூஸ் தண்ணி வராத நேரம், எந்த ரேக்ல கரையான் ஏறுதுங்கறது எல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். சாதி எதுன்னு ஸ்டாஃப்கிட்ட கேட்டு லிஸ்ட் மட்டும் போடாதீங்க, சின்ன ஊர்ல அந்தப் பேப்பர் வெளிய போனா நன்மையை விடத் தீமைதான் ஜாஸ்தி. யாருக்கு என்ன வேலை வருதுன்னு பாத்தாலே தெரிய வேண்டியது தெரிஞ்சிரும்.

பெண்கள் விஷயம். உங்க ஸ்டாஃப்ல பெண்கள்தான் ஜாஸ்தி, கமிட்டில எத்தனை பேருன்னு நீங்க எழுதலை, அதை நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க. வாயனசாலை சாயங்காலம்தான் உயிரோட இருக்கும், ஆனா எல்லையோர ஊருக்குக் கடைசி பஸ் சீக்கிரமே போயிரும். எட்டு மணிக்குப் பூட்டற டியூட்டியை பஸ்ல போற பொண்ணுக்குப் போட்டுட்டு "அவங்க அடிக்கடி சீக்கிரம் கிளம்பறாங்க"ன்னு புகார் சொல்லக் கூடாது, நடந்து போற தூரத்துல இருக்கறவங்களுக்கு அதைப் போடுங்க. பூட்டு உள்ள கக்கூஸ், அதுல தண்ணி, ஒரு குப்பைத் தொட்டி, இது இல்லாம எல்லாரையும் சேத்து நடத்தறதைப் பத்திப் பேச்சே எடுக்க வேண்டாம். வீட்டுக்குப் புஸ்தகம் கொண்டு போற அக்கா தனியாத்தான் போறாங்க, எந்த வீட்டுல என்ன தொந்தரவுன்னு அவங்க சொல்ல ஒரு ஆள் வேணும், முடிஞ்சா கமிட்டில இருக்கற ஒரு பெண். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013ல, பத்துப் பேர் அல்லது அதுக்கு மேல இருந்தா உள்ளேயே கமிட்டி வெக்கணும். உங்களுக்கு ஏழு பேர்தான், அதனால நமக்கு இந்தச் சட்டமே இல்லைன்னு நிறைய செக்ரட்டரிங்க நினைச்சுக்கறாங்க, அது தப்பு. பத்துக்குக் கீழ இருக்கற இடத்துக்கு மாவட்ட அளவுல லோக்கல் கமிட்டி உண்டு, நடந்த மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும். தினக்கூலி, தற்காலிகம், சம்பளமே வாங்காத வாலண்டியர் எல்லாரும் அந்தச் சட்டத்துக்கு ஊழியர்தான். புஸ்தகம் கொண்டு போற வீடும் வேலை இடம்தான், வேலை நிமித்தமா போற இடம் எல்லாம் அதுல சேரும். புகார் எங்க குடுக்கறதுன்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு, தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

புதுசா ஆள் எடுக்கறப்போ என்ன பண்ணணும்ங்கறது சுருக்கமா. மலையாளப் பேப்பர்ல ஒரு விளம்பரம், கமிட்டி மெம்பர் வாய்வழியா நாலு பேருக்குன்னு விட்டா பழைய கதைதான். தமிழ் மீடியம் ஸ்கூல், குடும்பஸ்ரீ யூனிட் (பெண்கள் சுய உதவிக் குழு), ரேஷன் கடை, காலனி அங்கன்வாடி எல்லா இடத்துலயும் ரெண்டு மொழில நோட்டீஸ் ஒட்டுங்க. இண்டர்வியூல எல்லாருக்கும் அதே கேள்வி, அதே மார்க் ஷீட், குடும்பம் கல்யாணம் பத்திக் கேள்வியே கூடாது. திருநங்கையோ திருநம்பியோ விண்ணப்பம் போட்டா மத்தவங்களைப் பாக்கற மாதிரியே பாருங்க, வேலைல பாகுபாடு கூடாதுன்னு 2019ல வந்த திருநர் உரிமைச் சட்டத்துல இருக்கு, கேரளம் அதுக்கு முன்னாடியே 2015ல தனிக் கொள்கை கொண்டு வந்த மாநிலம். வந்து சேந்தப்புறம் எந்தப் பேர்ல கூப்பிடறதுன்னு அவங்ககிட்டயே கேட்டு ரெஜிஸ்டர்லயும் அதையே எழுதுங்க.

கமிட்டில "லைப்ரரிக்கு வேலை புஸ்தகம் குடுக்கறதுதானே, இதெல்லாம் எதுக்கு"ன்னு ஒருத்தர் கட்டாயம் கேப்பாரு. அவருக்கு ரெண்டு விஷயம் சொல்லலாம். பொது நூலக அறிக்கையை 1949ல யுனெஸ்கோ முதல்ல போட்டுச்சு, பின்னாடி ஐஃப்ளாவும் (உலக நூலகச் சங்கங்களோட கூட்டமைப்பு) சேந்துகிட்டு, கடைசியா 2022ல புதுப்பிச்சாங்க. வயசு, இனம், பாலினம், மதம், மொழி, சமூக அந்தஸ்துன்னு எதையும் பாக்காம எல்லாருக்கும் சமமா சேவைங்கறதுதான் அதோட அஸ்திவாரம். அதுக்கு முன்னாடியே, நம்ம சீர்காழில பொறந்த நூலக அறிவியல் மேதை ரங்கநாதன் 1931ல ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புஸ்தகம்னு எழுதி வெச்சுட்டாரு. வாசகர் யாருன்னே தெரியாத ஸ்டாஃபால அவருக்கான புஸ்தகத்தை எடுத்துக் குடுக்க முடியாது. தமிழ் பேசற ஆளு கவுண்டர்ல இருந்தா தமிழ் வாசகர் கூட்டம் தானா கூடிருமான்னு கேட்டா, அது மட்டும் போதாது, தமிழ்ல புதுப் புஸ்தகமும் வரணும். ரெண்டையும் சேத்துப் பண்ணின இடத்துல கூட்டம் கூடினதை நான் பாத்திருக்கேன், அதுல எது எவ்வளவு காரணம்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால கிராண்ட்டுல புஸ்தகம் வாங்கறப்போ லிஸ்ட் போட அந்த ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போங்க.

சாப்பாட்டு விஷயம் ஒண்ணு பாக்கி. தனித்தனியா உக்காந்து சாப்பிடறதை நான் தொட மாட்டேன். யார் கூட உக்காந்து சாப்பிடறதுங்கறது அவங்கவங்க இஷ்டம், கட்டாயப்படுத்தி ஒரே மேசைல உக்கார வெச்சா வாயை மூடிட்டு சாப்பிட்டுட்டு எந்திரிப்பாங்க. ஆனா உக்காற இடம் எல்லாருக்கும் ஒரே தரத்துல இருக்கணும், ஒரு கூட்டத்துக்கு ஃபேன் உள்ள ரூம், இன்னொரு கூட்டத்துக்கு சைக்கிள் ஸ்டாண்டுன்னு இருக்கக் கூடாது. அதை மட்டும் பாத்துக்கங்க.

இதையெல்லாம் ஒரே மாசத்துல பண்ண முடியாதுன்னு தெரியும். நாளைக்கே பண்ண வேண்டியது டம்ளரும் கக்கூஸ் பூட்டும். இந்த வாரம் டியூட்டி நோட்டு எழுத ஆரம்பிங்க, சேச்சியோட ஒரு மணி நேரம் தனியா உக்காந்து பேசுங்க, அவங்களுக்குத் தெரியாம எதையும் சார்ட்ல மாத்தாதீங்க. அடுத்த கமிட்டில ரெண்டாவது சாவியும் பயிற்சிக்கு முறை வெச்சு ஆள் அனுப்பறதும் தீர்மானமா வரட்டும், இதுக்குப் பொறுப்பு இன்னார்னு ஒரு பேரும் மினிட்ஸ்ல வரட்டும். எழுத்துரு மாத்தறது, லேபிள், தமிழ் பீரோ எல்லாம் மூணு நாலு மாசம் இழுக்கும், இழுக்கட்டும். டியூட்டி நோட்டு எழுதினதும் பேரை மட்டும் மறைச்சுட்டு இங்கயே போடுங்க, எந்த வேலையை எங்க மாத்தலாம்னு வரி வரியாப் பாத்துச் சொல்றேன்.